வெண்ணிற இரவுகளும் நெய்தல் கரையும்



சென்ற பள்ளி விடுமுறையில் என்னிடம் முன்பு பயின்ற இளைஞன் ஒருவன் வீட்டிற்கு வந்திருந்தான். இப்போது தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். முகம் வாடியிருந்தது. தான் விரும்பிய பெண் வேறொருவரை விரும்புவதாகச் சொல்லிவிட்டாள் என்றும், அவளைச் சும்மா விடப்போவதில்லை என்றும் சொன்னான். அந்தப் பின்பாதியைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. ஆறாம் ஆண்டில் என் முன்னால் அமர்ந்து ஆத்திசூடி ஒப்புவித்த பிள்ளை அவன். அறிவுரை சொன்னால் அவன் காதில் ஏறாது என்று தோன்றியது. ஆகவே அவனுக்கு ஒரு கதை சொன்னேன். அக்கதையையும், அது திரையில் பெற்ற பிறவிகளையும் பற்றியே இக்கட்டுரை.

இரஷ்ய எழுத்தாளர் பியோதர் தஸ்தயேவ்ஸ்கி 1848ஆம் ஆண்டில் வெளியிட்ட குறுநாவல் 'வெண்ணிற இரவுகள்'. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. மறு ஆண்டே அவர் கைது செய்யப்பட்டு, மரணதண்டனைக் களம்வரை கொண்டு செல்லப்பட்டு, பின்னர் சைபீரியச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அந்தப் பெருந்துன்பத்திற்கு முந்தைய இளமையின் படைப்பு இது. சோவியத் நாடு நிலைத்திருந்த காலத்தில், ரா. கிருஷ்ணையாவின் மொழிபெயர்ப்பில் மாஸ்கோவில் அச்சாகித் தமிழுலகிற்கு வந்து சேர்ந்தது.

கோடையில் பீட்டர்ஸ்பர்க் நகரில் இரவிலும் வானம் முற்றாக இருளுவதில்லை. அப்படிப்பட்ட ஓர் இரவில், உற்றார் எவருமற்ற ஓர் இளைஞன் கால்வாய்க் கரையில் அழுதுகொண்டு நிற்கும் நாஸ்தென்காவைக் காண்கிறான். அவள் கண்பார்வையற்ற பாட்டியோடு வாழ்பவள். பேத்தி ஓடிவிடாதிருக்க, அவள் உடையைத் தன் உடையோடு ஊசி குத்தி வைத்திருக்கும் பாட்டி! அவர்கள் வீட்டில் குடியிருந்தவன் ஓராண்டில் திரும்பி வந்து மணப்பதாகச் சொல்லி மாஸ்கோ சென்றான். ஆண்டு நிறைந்தது; அவன் ஊர் திரும்பியும் அவளைப் பார்க்க வரவில்லை. நம் இளைஞன் அவளுக்காகக் கடிதம் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். தான் அவளைக் காதலித்தபடியே, அவள் காதலனுக்குத் தூது செல்கிறான்! நான்காம் இரவில் அவள் மனம் சோர்ந்து இவனையே ஏற்க முன்வருகிறாள். அந்த வேளையில் பழைய காதலன் வந்துவிட, அவனோடு சென்றுவிடுகிறாள். மறுநாள் காலை அவளது கடிதம் வருகிறது. இளைஞன் அவளைச் சபிக்கவில்லை, வாழ்த்துகிறான்.

நான்கு இரவும் ஒரு காலையும், இரண்டு மூன்று மாந்தரும் கொண்ட இச்சிறு கதையைத் திரைக்கலைஞர்கள் விட்டபாடில்லை. இத்தாலியின் லூச்சினோ விஸ்கோந்தி 1957இல் மார்செல்லோ மாஸ்த்ரோயான்னியையும் மரியா ஷெல்லையும் கொண்டு இதைப் படமாக்கினார். தெருவையும் பாலத்தையும் படப்பிடிப்புத் தளத்திலேயே கட்டி எழுப்பினார். அப்படம் வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கம் விருது பெற்றது. ஆனால் அதன் நாயகன் அவள் தந்த கடிதத்தைச் சேர்க்காமல் கிழித்து நீரில் எறிந்துவிடுகிறான். மூலக்கதையின் உயர்ந்த உள்ளம் இங்கே நம்மைப் போன்ற சாதாரண மனிதனின் உள்ளமாக இறங்கிவிடுகிறது. செய்த பிழையை அவளிடமே அவன் ஒப்புக்கொள்ளும்போதுதான் மீண்டும் உயர்கிறான். இறுதியில் பனி பெய்த தெருவில் ஒரு நாய் மட்டுமே அவனுக்குத் துணை.

இரஷ்யாவிலேயே இவான் பிரியேவ் 1959இல் வண்ணப் படமாக எடுத்தார். பிரான்சின் ரொபேர் பிரெசோன் 1971இல் கதையைப் பாரிஸ் நகரின் பாலத்திற்குக் கொண்டுவந்து, நாயகனை ஓவியனாக்கினார். இந்தியிலும் இக்கதை வந்தது. 2006இல் வெளியான 'ஆஹிஸ்தா ஆஹிஸ்தா' தில்லித் திருமணப் பதிவு அலுவலகத்தில், கூலிக்குச் சாட்சிக் கையொப்பம் இடும் ஓர் இளைஞனை நாயகனாக்கியது. பிறர் திருமணங்களுக்குச் சாட்சியாக நிற்பதே தொழிலாகிப்போனவன் தன் காதலுக்கும் சாட்சியாக நிற்க வேண்டிவருவது நல்ல கற்பனை. 2007இல் சஞ்சய் லீலா பன்சாலி 'சாவரியா'வில் நீலம் தோய்ந்த ஒரு கனவு நகரையே கட்டினார். மறு ஆண்டு அமெரிக்காவின் ஜேம்ஸ் கிரே 'டூ லவர்ஸ்' படத்தில் அதை நியூயார்க்கின் அடுக்குமாடிக் குடியிருப்பில் வைத்தார்.

இந்த இந்திப் படங்களுக்கெல்லாம் முன்பே, 2003இல், தமிழில் 'இயற்கை' வந்துவிட்டது. எஸ். பி. ஜனநாதனின் முதற்படம், ஷாம், அருண் விஜய், ராதிகா ஆகியோர் நடித்தது, இசை வித்யாசாகர். அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதையும் பெற்றது. ஜனநாதன் 2021 மார்ச்சில் மறைந்தார். சோவியத் இலக்கியத்தோடு அவருக்கு இருந்த உறவு இதோடு முடியவில்லை. 2009இல் அவர் இயக்கிய 'பேராண்மை'க்கும் போரிஸ் வசீலியேவின் போர்க்கால நாவலே அடிப்படை.

'இயற்கை'யில் கால்வாய் கடலாயிற்று. குடியிருந்தவன் கப்பல் தலைவனானான். நாஸ்தென்கா நான்சியானாள். நாயகன் மருது ஒரு மாலுமி. கடலில் அலைந்து சலித்துக் கரையில் வேரூன்ற ஏங்குபவன். அவளோ கடலுக்குள் போனவனுக்காகக் கரையில் காத்திருப்பவள். ஒருவர் வந்த திசையையே மற்றவர் பார்த்து நிற்கின்றனர். கலங்கரை விளக்கமும் அலையும் சூழ்ந்த அந்தக் காட்சிகளில், இரஷ்யக் கதை நம் நெய்தல் திணைக்குள் வந்து அமர்ந்துகொண்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் அல்லவா? பிரிந்தவனை எண்ணிக் கடற்கரையில் வருந்தும் தலைவியை ஈராயிரம் ஆண்டுகளாக நாம் அறிவோம்.

ஆனால் கரையில் நிற்கும் இரண்டாம் ஆடவனை நம் இலக்கணம் எங்கே வைத்தது? ஒருதலைக் காமத்திற்குக் கைக்கிளை என்று பெயரிட்டு, அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியது தொல்காப்பியம். அகத்தொகை நூல்கள் பெரும்பாலும் ஐந்திணைக்கே இடமளித்தன. ஆயினும் புறநானூற்றில் 83 முதல் 85 வரையுள்ள மூன்று பாடல்களில், நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவர், போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மீது தாம் கொண்ட காதலைப் பாடியிருக்கிறார். அவர் எவரையும் மிரட்டவில்லை. தம் வேதனையைப் பாட்டாக்கினார். ஒருதலைக் காதல் அவமானத்துக்குரியதன்று என்பதற்கு நம்மிடமுள்ள பழஞ்சான்று அது.

ரெம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு இக்கதை இன்னொரு விதத்திலும் நெருக்கமானது. காத்திருத்தல் எங்கள் பாட்டன் பாட்டியரின் வாழ்க்கையாகவே இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' கப்பலில் ஏறியவர்களுக்காக அக்கரையில் மனைவியர் காத்திருந்தனர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் கடல்வழி அடைபட்டது. சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பலர் திரும்பவேயில்லை. 1969இல் குடியுரிமையற்றோருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தமிழகம் திரும்ப, எத்தனையோ உறவுகள் அறுந்தன. போர்ட்டிக்சனுக்குத் தெற்கே உள்ள தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்தைக் காணும்போதெல்லாம், அதன் ஒளியைக் கடந்து சென்ற கப்பல்களில் எத்தனை வாக்குறுதிகள் போயினவோ என்று எண்ணிக்கொள்வேன்.

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாட்களில் நாங்கள் பார்த்த கதைகள் வேறு. விரும்பாத பெண்ணை நாயகன் விடாது துரத்துவான். பாட்டுப் பாடி வழிமறிப்பான். இறுதியில் அவள் இணங்கிவிடுவாள். நாங்களும் கைதட்டினோம். மறுத்த பெண்ணுக்கும் ஒரு மனம் உண்டு என்று அந்தத் திரை எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. 'இயற்கை' அதைச் சொன்னது. கப்பல் தலைவன் திரும்பியதும் நான்சி அவனிடமே செல்கிறாள். மருது தனித்து நிற்கிறான். தோற்றவனாகத் தோன்றினாலும், பார்ப்போர் மதிப்பில் உயர்ந்து நிற்பவன் அவனே.

இவையனைத்தையும் அன்று அந்த இளைஞனிடம் சொல்லவில்லை. கதையை மட்டும் சொல்லி, படத்தின் குறுந்தட்டைக் கொடுத்தனுப்பினேன். இரு வாரம் கழித்துத் திருப்பித் தர வந்தான். "அவன் ஏன் சார் சண்டை போடல?" என்று கேட்டான். "சண்டை போட்டிருந்தால் அவள் மனம் மாறியிருக்குமா?" என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, தன் கைப்பேசியிலிருந்து அவளுடைய எண்ணை அழித்துவிட்டதாகச் சொன்னான். கண் கலங்கியிருந்தது. அழட்டும் என்று விட்டுவிட்டேன். தேநீர் ஆறிப்போயிற்று, வேறு போட்டுக் கொடுத்தாள் என் மனைவி.

நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பு எங்கோ ஒரு குளிர் நாட்டில் எழுதப்பட்ட கதை, ரெம்பாவில் ஒரு பிள்ளையின் கையைத் தடுத்து நிறுத்தியது. இலக்கியத்தால் என்ன பயன் என்று கேட்கும் பெற்றோருக்கு என்னிடம் உள்ள விடை இதுதான். உங்கள் வீட்டிலும் வளர்ந்த பிள்ளைகள் இருப்பின், ஒரு மாலை அவர்களோடு அமர்ந்து இப்படத்தைப் பாருங்கள். முடிந்த பிறகு சற்று நேரம் பேசுங்கள்.