தோல் போன வழியில் வந்தவர்கள்

குரோம்பேட்டை என்ற பெயரை நாம் தினமும் சொல்கிறோம். ரயிலுக்கு டிக்கெட் வாங்கும்போது சொல்கிறோம், முகவரியாக எழுதுகிறோம். அது ஒரு தோல் கம்பெனியிலிருந்து வந்த பெயர் என்பது பலருக்கு நினைவில் இல்லை. 1912 வாக்கில் ஜார்ஜ் அலெக்சாண்டர் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் பல்லாவரத்துக்குப் பக்கத்தில் குரோம் லெதர் கம்பெனியை நடத்தினார். குரோம் என்பது தோலைப் பதப்படுத்தும் உப்பு. அந்த உப்பின் பெயரே பேட்டையின் பெயராகிவிட்டது. முதலாளியின் வரலாறு தேடினால் கிடைக்கும். கம்பெனியின் வரலாறும் கிடைக்கும். தொட்டியில் இறங்கி நின்றவன் எந்தச் சேரியிலிருந்து வந்தான், பெண்டாட்டி பிள்ளைகளை எங்கே குடிவைத்தான் என்பதற்கு மட்டும் நம் வீட்டுக் கிழவிகளைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் குடும்பம் அப்படி வந்த குடும்பங்களில் ஒன்று. சொந்த ஊர் மேல்விஷாரத்தை ஒட்டிய ஒரு சேரி. இன்றைக்கு அது இராணிப்பேட்டை மாவட்டம். நாங்கள் புறப்பட்டபோது வட ஆற்காடு. 1969-இல், எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது, பெரியமேட்டுக்குத் தோல் கட்டு ஏற்றிப் போகும் லாரியில் நைனா டிரைவரிடம் கெஞ்சி இடம் பிடித்தார். கட்டுகளுக்கு மேலே இரண்டு துணி மூட்டை, ஒரு அம்மிக்கல், அம்மா, நான், தங்கச்சி. 'அம்மிய எதுக்கும்மே தூக்கிக்கினு வர?' என்று நைனா சத்தம் போட்டார். 'அங்க யார் வூட்ல போய் நாம அம்மி கேக்க முடியும்?' என்றாள் அம்மா. ஆயா வரமாட்டேன் என்று திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டாள். 'இன்னாடா, பட்டணத்துக்குப் போனா மட்டும் தோலு மல்லிப்பூவா மணக்குமா?' என்பது அவள் கேள்வி. அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் தேடுகிறேன்.

தாத்தா காலத்தில் தோல் ஷாப்பு என்பது சேரிக்கு ஒரு கதவு. அதற்கு முன்பு இருந்தது படியாள் வேலையும் வெட்டிமை வேலையும்தான். கூலி தானியமாக வரும், வராமலும் போகும். ஷாப்பில் கூலி காசாகக் கிடைத்தது. பச்சைத் தோலை உப்புப் போக அலச வேண்டும். சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிரை வழிக்க வேண்டும். பிறகு உள்பக்கத்துச் சதையை வழிக்க வேண்டும். அதன்பின் ஆவாரம்பட்டைக் குழியில் வாரக்கணக்கில் போட்டுப் புரட்ட வேண்டும், கடைசியில் கடுக்காய்ச் சாறு. இப்படிப் பதமான தோல் 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்ற பெயரில் லண்டன் ஏலம் வரைக்கும் போனது. சுண்ணாம்பில் நின்ற கால் வெந்து போகும். தாத்தாவின் பாதத்தில் வெடிப்பு இல்லாத இடத்தை நான் பார்த்ததில்லை.

ஷாப்பு முதலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம்கள். தாத்தா இதைப் பற்றிச் சொல்வது: 'சாயபு தொட்டா தீட்டுன்னு சொல்லமாட்டாரு. கூலிய ஏத்திக் குடுங்கன்னாதான் அவருக்குக் காது கேக்காது.' இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு தோல் மண்டியை சமத்துவபுரமாக ஆக்குவதும் தவறு. இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, நம்மைக் கிணற்றருகே விடாத ஊர்க்காரன் சாயபுவுக்கு எதிராக நம்மைக் கொம்பு சீவி விடும்போது அவன் பின்னால் போவதும் தவறு.

தோலுக்கும் பட்டணத்துக்கும் உள்ள வழி பழையது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அதாவது நம் பாலாற்றங்கரைப் பக்கம்தான் முதலில் வந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மாடுகள் செத்து விழுந்தன, மனிதர்களும் செத்து விழுந்தார்கள். தோல் ஏற்றுமதி மட்டும் பெருகியது. பஞ்சத்தில் தப்பியவர்களின் பிள்ளைகள் 1880-களுக்குப் பிறகு கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனார்கள். இன்னொரு பகுதியினர் தோல் போன திசையில் பட்டணம் வந்தார்கள்.

மேல்விஷாரத்து வணிகர்களும் அதே வழியில்தான் பெரியமேடு வந்தார்கள். 1863-இல் மேல்விஷாரத்தில் பிறந்த நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாகிப் தோல் வணிகத்தில் ஈட்டியதைத் தாராளமாகக் கொடுத்தவர். சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே சித்தீக் சராய் அவர் கட்டியது. ஊரில் 1965-இல் தொடங்கிய கல்லூரிக்கு அவர் பெயர். அந்தக் கொடையை நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் சேரிப் பிள்ளைகளும் அந்தக் கல்லூரியில் படித்திருக்கிறார்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: தோல் விற்றவரின் பயணம் கட்டடமாக நிற்கிறது. தோல் பதமிட்டவனின் பயணம் அவனோடு போய்விட்டது.

எங்களுக்கு முன்னால் பட்டணம் வந்தவர்களுக்கு அங்கே என்ன வரவேற்பு என்பதை 1921 சொல்லும். பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். பட்டினிக்கு அவர்களிடம் கையிருப்பு இல்லை. தொழிற்சங்கமும் அவர்களைச் சமமாக நடத்தியதில்லை. புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன. குடிசை இழந்தவர்களுக்கு நியாயம் கேட்க வேண்டிய இடத்தில், ஆதிதிராவிடர்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்ற யோசனை நீதிக்கட்சித் தலைமையிலிருந்தே வந்தது. எம்.சி. ராஜா பின்னர் அந்தக் கட்சியை விட்டு விலகியதை இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். 'நகரத்துக்கு வெளியே' என்ற சொல்லைக் கவனியுங்கள். நூறு வருஷத்துக்கு மேலாக நம்மைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது.

லாரி எங்களைப் பெரியமேட்டில் இறக்கியது. பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினோம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-இலிருந்து ஓடும் ரயில் அது. நைனாவுக்கு வேலை நாகல்கேணிப் பக்கம் ஒரு சின்ன ஷாப்பில். ஊரில் பட்டைக் குழி, இங்கே குரோம் டிரம். பட்டையில் வாரக்கணக்கில் ஆவது குரோமில் சில நாளில் முடிந்துவிடும். தோல் நீலமாக வெளியே வரும். நைனாவின் நகக்கண்ணும் நீலமாகிவிட்டது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

வாடகைக்கு வீடு தேடிய கதை நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. பட்டணத்தில் யாரும் 'நீ என்ன சாதி?' என்று நேராகக் கேட்பதில்லை. 'சொந்த ஊரு எது?', 'ஊர்ல எந்தத் தெரு?', 'கவிச்சி சாப்பிடுவீங்களா?' என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். நைனா 'ஆற்காடு' என்பார். அதோடு நிறுத்திக்கொள்வார். ஒரு வீட்டுக்காரம்மா ஊரையும் கேட்கவில்லை, தெருவையும் கேட்கவில்லை. பேசிக்கொண்டே நைனாவின் விரலைப் பார்த்தாள். 'நேத்தே வேற ஆளுக்குச் சொல்லிட்டோமே' என்றாள். அன்றைக்கு ராத்திரி நைனா அரப்பும் செங்கல் தூளும் போட்டு நகத்தைத் தேய்த்ததை நான் பார்த்தேன். ரத்தம் வந்தது. நீலம் அப்படியே இருந்தது. கடைசியில் எங்களைப் போலவே வந்தவர்கள் ஷாப்புக்குப் பின்பக்கம் போட்டிருந்த குடிசை வரிசையில் நாங்களும் ஒரு குடிசை போட்டோம். ஊரில் சேரி என்று பெயர். இங்கே அதற்குப் புறநகர் என்று பெயர்.

கிராமத்தை விட்டு வெளியேறுங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னார். 1942-இல் நாகபுரியில் கூடிய தாழ்த்தப்பட்டோர் மாநாடு நமக்குத் தனிக் குடியிருப்புகள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் இந்தியக் கிராமத்தின் புனிதத்தை அவர் கிழித்துக் காட்டினார். அவர் வழி சரியானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஊரில் இருந்திருந்தால் நான் பள்ளிக்கூடம் முடித்திருக்கமாட்டேன். ஆனால் அவர் கேட்டது நிலத்தோடு, அதிகாரத்தோடு கூடிய குடியேற்றம். நமக்குக் கிடைத்தது ஷாப்பின் பின்பக்கம். இந்த வித்தியாசத்தை நாம் போதுமான அளவு பேசவில்லை.

நைனா 1980-களில் ஒரு மனை வாங்கினார். அரை கிரவுண்டு. இருபது வருஷக் கூலி. விற்றவர் ஒரு ஆதிக்க சாதிக்காரர், நடுவில் ஒரு புரோக்கர். கடைக்கால் தோண்டும்போது பக்கத்துச் சேரிப் பெரியவர் ஒருவர் வந்து நின்றார். 'இது எங்க பாட்டனுக்கு வெள்ளக்காரன் குடுத்த பூமிப்பா' என்றார். கோபம் இல்லாமல் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். நைனாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அவர் சொன்னது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்கீர் 1891-இல் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1892-இல் அரசு ஆணை வந்தது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையோடு நிலம் வழங்கப்பட்டது. மாகாணம் முழுவதும் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லும் கணக்கு. கடனுக்கும் கள்ளக் கையெழுத்துக்கும் அந்த நிலம் கைமாறியது. பட்டணம் வீங்கியபோது மனையாகியது. செங்கல்பட்டு மாவட்டத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபர் 10-இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

அந்தப் பெரியவர் சொன்னதை நிரூபிக்கும் காகிதம் எங்களிடம் இல்லை. மறுக்கும் காகிதமும் இல்லை. அவர் சொன்னது உண்மையானால் கணக்கு இப்படி ஆகிறது: நமக்கு மட்டுமே விற்கக்கூடிய நிலத்தை, அதை வைத்திருக்கும் உரிமையே இல்லாத ஒருவரிடமிருந்து, இருபது வருஷம் சுண்ணாம்பிலும் குரோமிலும் நின்ற கூலியைக் கொடுத்து நாங்கள் வாங்கியிருக்கிறோம். பறிகொடுத்தவன் பக்கத்துச் சேரியில் இருக்கிறான். அவனும் பறையன், நாங்களும் பறையர். நடுவில் காசு பார்த்தவன் மட்டும் வேறு. வீடு கட்டிய பிறகு நைனா அந்தப் பெரியவர் வீட்டுக் கல்யாணம் சாவு எதையும் தவறவிட்டதில்லை. அதற்கு மேல் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் பெரியம்மா குடும்பம் நாங்கள் வந்த அதே வருஷத்தில் வந்து அடையாற்றங்கரையில் குடிசை போட்டது. தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் அமைந்தது, 1971-இல் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுப்பதுதான் பேச்சு. பல இடங்களில் கட்டியும் கொடுத்தார்கள். 2000-க்குப் பிறகு பேச்சு மாறியது. கண்ணகி நகரில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், செம்மஞ்சேரியில் 6 ஆயிரத்துக்கும் மேல், பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கும் மேல். அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்டவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பெரியம்மா வீட்டாரும் பெரும்பாக்கம் போனார்கள். ஒரே ராத்திரியில் பெயர் வாசித்து, டோக்கன் கொடுத்து, சாமானை லாரியில் ஏற்றினார்கள். வீட்டு வேலைக்குப் போன மருமகளுக்கு வேலை போனது. பேரன் படிப்பு நடுவருஷத்தில் நின்றது. 'அப்பவும் லாரிலதான் வந்தோம், இப்பவும் லாரிலதான் ஏத்துனான். அப்ப நாமளா ஏறுனோம்' என்றாள் பெரியம்மா.

அவள் சொன்னதில் எல்லாம் இருக்கிறது. வாரியத்தின் பெயர் 2021-இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாறியது. 1921-இல் சொன்ன 'நகரத்துக்கு வெளியே' மாறவில்லை.

ஊருக்கே திரும்பிப் போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். எந்த ஊருக்கு? தோல் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் பாழானதாக அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஷாப்புக்கும் 10 ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. 2025 ஜனவரியிலும் அதே பாலாற்று மாசுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நிலம் கெட்டவனுக்கு இழப்பீடு பேசப்பட்டது, அது நியாயம். நிலமே இல்லாமல் அந்தத் தண்ணீரில் நின்று வேலை செய்து, அந்தத் தண்ணீரையே குடித்தவனுக்கு என்ன கணக்கு? ஆயா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கடைசிக் காலத்தில் பருப்பு வேகவில்லை.

பாலாற்றின் அக்கரையில், இராணிப்பேட்டையில், 2015 ஜனவரி 31 விடியுமுன் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள். ஒன்பது பேர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். நாங்கள் காலி செய்த இடத்துக்கு வேறொரு ஆற்றங்கரையிலிருந்து வேறு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். அவர்களும் ஷாப்புக்குப் பின்பக்கம்தான் படுக்கிறார்கள்.

நண்பர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் முதலில் ஊரை விட்டு வந்தவர் யார், எந்த வருஷம், எதில் ஏறி வந்தார், கூட எதைத் தூக்கிக்கொண்டு வந்தார், முதலில் யார் குடிசை ஓரம் படுத்தார் என்று எழுதி வையுங்கள். மனை வாங்கியிருந்தால் அதற்கு முன் அது யார் நிலம் என்றும் விசாரித்து எழுதுங்கள், பதில் கசப்பாக இருந்தாலும். கிழவிகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அம்மா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அவள் தூக்கி வந்த அம்மி வீட்டுப் பின்பக்கம் கிடக்கிறது. அக்கம்பக்கத்தில் யாரும் ஒருநாளும் வந்து அதைக் கேட்டதில்லை.