எக்ஸ்காலிபருக்குக் கல் எதற்கு?

ஆர்தர் மன்னனின் வாளுக்கு 'எக்ஸ்காலிபர்' என்று பெயர் வந்தது 'எக்ஸ் கால்கே லிபெராதுஸ்' என்ற இலத்தீன் தொடரால்தானாம். 'கல்லிலிருந்து விடுபட்டது' என்று பொருளாம். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இலத்தீனில் 'கால்க்ஸ்' என்பது சுண்ணாம்புக்கல். அதே ஒலியுள்ள இன்னொரு சொல்லுக்குக் குதிகால் என்று பொருள். குதிகாலிலிருந்து விடுபட்ட வாள் என்றும் சொல்லிக்கொள்ளலாமே!

மான்மத்து ஜெஃப்ரி 1136-ஐ ஒட்டி எழுதிய பிரித்தானிய அரசர் வரலாற்றில் வாளின் பெயர் 'கலிபுர்னுஸ்'. எழுதியது இலத்தீனில். 'எக்ஸ்' இலத்தீன் முன்னொட்டு என்றால் அது முதலில் தலைகாட்ட வேண்டிய இடம் இதுவே. காணோம். அவலோன் தீவில் வடித்த வாள் என்கிறார். கல்லைப் பற்றி மூச்சே விடவில்லை. கல்மேல் இருந்த பட்டடையில் (கூடாநட்புக்கு வள்ளுவர் காட்டும் அதே பட்டடைதான்) செருகிய வாள், 1200 வாக்கில் ராபர்ட் த போரோன் பாடிய பிரெஞ்சுக் கதையில் வருவது. அதற்கு முன்பே க்ரெத்தியன் த த்ருவா 'எஸ்கலிபோர்' என்று எழுதிவிட்டார், அதுவும் ஆர்தரின் வீரன் கவேன் இடுப்பில் கட்டிய வாளாக! பெயர் முந்தியது, கல் பிந்தியது. வழக்கு முடிந்தது.

'எஃகை வெட்டுவது' என்று, பின்னாளில் ஆங்கிலத்தில் ஆர்தர் கதையை எழுதிய மாலொரி சொல்வது அவர் காலத்துக் காதுக்கு இனித்த விளக்கம், அவ்வளவே. எஃகைக் குறிக்கும் இலத்தீன் 'கலிப்ஸ்' ஜெஃப்ரியின் எழுத்துக்கூட்டலில் சாயம் ஏற்றியிருக்கலாம். கருங்கடலின் தென்கரையில் இரும்புக்குப் பேர்போன கலிபர் குடியின் பெயரே அந்த உலோகத்தின் பெயராயிற்று. ஆனால் சாயம் வேறு, நூல் வேறு.

நூல் வெல்ஷ் மொழியில் கிடக்கிறது. குல்ஹுக் என்ற இளைஞனின் கதையில் ஆர்தர் அவனிடம், 'எதை வேண்டுமானாலும் கேள், இவை நீங்கலாக' என்று கப்பல், போர்வை, வாள், ஈட்டி, கேடயம், குத்துவாள், மனைவி என அடுக்குகிறான். (மனைவி கடைசியில்!) அங்கே வாளின் பெயர் 'கலெட்வுல்ஹ்'. 'கலெட்' என்றால் கடியது. 'புல்ஹ்' என்றால் பிளவு, இடைவெளி. வேல்ஸ் நாட்டு மலைக்கணவாய்களுக்கு இன்றும் அதுதான் பெயர். வருமொழி முதல் பகரம் புணர்ச்சியில் வகரமாக மெலிவது வெல்ஷ் இலக்கணம். அந்த மெலிவை எழுத்தில் காட்டாத பழைய ஏடு ஒன்றை ஜெஃப்ரி பார்த்திருக்க வேண்டும். பகரம் அவரிடம் தங்கியது அதனால்தான். அவர் கை சும்மா இருக்கும் கையும் அன்று. அதே கதையில் கப்பலுக்கு உரிய 'பிரிட்வென்' என்ற பெயரைத் தூக்கிக் கேடயத்துக்குச் சூட்டியவர்.

அயர்லாந்துக் கதைகளில் ஃபெர்கஸ் என்ற வீரனின் வாள் 'கலத்போல்க்'. அவன் வீசிய வீச்சில் மூன்று குன்றுகளின் தலை போயிற்று. உடனே, வெல்ஷ்காரர் அங்கிருந்து கடன் வாங்கினர் என்று ஒரு கட்சி. வெல்ஷ் இலக்கிய அறிஞர் ரேச்சல் பிராம்விச் அதை ஏற்கவில்லை: இரண்டும் வாளைக் குறித்த பழம் பொதுப்பெயர்களாகத் தனித்தனியே எழுந்திருக்கலாம் என்றார். நானும் அவர் பக்கமே. டிராய் அழிவைச் சொல்லும் ஐரிஷ் கதையில் இச்சொல் பன்மை ஏற்று, பெருவாள்கள் என்ற பொருளில் வருகிறது. ஒரே ஒரு வாளின் பெயருக்குப் பன்மை ஏது? பகைவர் அணியில் கணவாய் பிளக்கும் எந்தப் பெருவாளும் கலெட்வுல்ஹ்தான். ஆர்தர் கையில் இருந்தது அவற்றுள் ஒன்று.