பிரானூர் பார்டர்

போன மாதம் லீவுக்கு வந்த பேரனை பிரானூர் பார்டருக்கு பரோட்டா சாப்பிடக் கூட்டிப் போனேன். இறங்கியதும் கடைப் போர்டுகளை வாசித்துவிட்டு, "தாத்தா, பார்டர்னு போட்டிருக்கே, கேரளா எங்கே?" என்று சுற்றும் முற்றும் பார்த்தான். கேரளா வேண்டுமென்றால் இங்கிருந்து மேற்கே செங்கோட்டையைத் தாண்டி, புளியரையைத் தாண்டி, எஸ் வளைவில் மலையேறிக் கோட்டைவாசல் போக வேண்டும். "அப்போ இது எதுக்குப் பார்டர்?" என்றான். நியாயமான கேள்வி. சொல்ல ஆரம்பித்தேன், சால்னா ஆறிப்போனதுதான் மிச்சம். அவனுக்குச் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன். தென்காசி, குற்றாலம் பக்கத்து ஆட்களுக்குப் பாதி தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1956 அக்டோபர் 31 வரை இந்த இடம் நிஜமாகவே பார்டர். கிழக்கே தென்காசி, இலஞ்சி, குற்றாலம் எல்லாம் சென்னை ராஜ்யம். மேற்கே செங்கோட்டை திருவாங்கூர். 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மர் கொட்டாரக்கரையை ஆண்ட இளையிடத்து சொரூபத்தைப் பிடித்தபோது, மலைக்கு இந்தப் பக்கம் இருந்த செங்கோட்டைச் சீமையும் சேர்ந்து திருவாங்கூருக்குப் போயிற்று. கோடு நேர்கோடும் அல்ல. தென்காசிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆய்க்குடியும் மகாராஜாவுக்குச் சொந்தம். ஆய்க்குடிக்காரர் செங்கோட்டை தாலுகா கச்சேரிக்குப் போக வேண்டுமென்றால் திருவாங்கூரிலிருந்து கிளம்பி, சென்னை ராஜ்யத்தைக் கடந்து, மறுபடி திருவாங்கூருக்குள் நுழைய வேண்டும்!

மலைக்கு மேற்கே உள்ள ராஜா கிழக்கே எப்படிக் கை நீட்டினார் என்றால், வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே ஓரிடத்தில் தாழ்ந்து வழி விடுகிறது. ஆரியங்காவு கணவாய். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து காற்று வருவதும், குற்றாலத்துக்குச் சாரல் வருவதும் இந்தப் பக்கத்து மலையமைப்பால்தான். தமிழ்நாட்டின் மற்ற ஊர்கள் ஐப்பசி மழைக்குக் காத்திருக்கும்போது, 36 அடிக் குண்டாறு அணை பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையிலேயே நிரம்பி வழியும். ஹரிஹர நதியில் தண்ணீர் வந்துவிட்டால் ஊருக்கே முகம் மாறிவிடும். காற்று வந்த வழியிலேதான் படை, பொதிமாடு, மாட்டுவண்டி, பிறகு ரயில் எல்லாம் வந்தன.

எங்கள் ஆச்சி இலஞ்சிக்காரி. வெள்ளைக்காரன் சீமையிலிருந்து மகாராஜா சீமைக்கு வாக்கப்பட்டு வந்தவள். தூரம் என்னவோ நாலைந்து கிலோமீட்டர். ஆனால் நாணயம் வேறு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அதாவது திருவாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாயை மாற்றினால் 28½ சக்கரம். "எங்க அய்யா குடுத்த ரூவாய்க்கு உங்க ரூவாயை விட அரைச் சக்கரம் மதிப்பு கூட" என்று ஆச்சி தாத்தாவிடம் கடைசி வரை சொல்லிக் காட்டுவாளாம்.

தாத்தாவுக்கு அஞ்சலில் வேலை. திருவாங்கூருக்குத் தனித் தபால் இலாகா இருந்தது, அதற்குப் பெயரே அஞ்சல். 1951ல்தான் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. இன்று தமிழ்நாடு முழுக்க அஞ்சல் அலுவலகம் என்று எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் எப்போதோ அஞ்சலாபீஸ்தான்.

1865ல் பிரிட்டிஷார், திருவாங்கூர், கொச்சி மூவரும் ஒப்பந்தம் போட்டு எல்லைச் சுங்கத்தில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். ஆனால் உப்புக்கும் புகையிலைக்கும் கெடுபிடி போகவில்லை. சவுக்கையில் மூட்டையை அவிழ்க்கச் சொல்வார்கள் என்று ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். இலஞ்சியிலிருந்து தீபாவளிக்கு வந்த மூட்டைகளில் என்னென்ன இருந்தது என்பதை மட்டும் அவள் சொன்னதில்லை.

வாஞ்சிநாதனைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். 1886ல் செங்கோட்டையில் பிறந்து, புனலூரில் திருவாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர் அவர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஆஷின் அதிகாரம் பிரானூரோடு முடிந்துவிடும். வாஞ்சி மகாராஜாவின் பிரஜை. பள்ளிப் பாடத்தில் இதை யாரும் சொல்வதில்லை. பாட்டுக்கென்றே பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பாவும் (1906-1933) எங்கள் ஊர்தான். அவர் பெயரில் முதல் எழுத்தே செங்கோட்டை.

ரயிலைச் சொல்லாமல் செங்கோட்டையைச் சொல்ல முடியாது. திருநெல்வேலி பக்கத்திலிருந்து 1903ல் தண்டவாளம் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு, 1904 நவம்பரில், மலையைக் குடைந்து புனலூர் வரை இணைத்தார்கள். கழுதுருட்டிப் பக்கம் 13 கண் பாலம் அந்தக் காலத்துக் கல் வேலை. 1918ல் தண்டவாளம் திருவனந்தபுரம் வரை நீண்டது. அப்புறம் ஏறக்குறைய 40 ஆண்டுகள், கோட்டயம் வழிப் பாதை முடியும் வரை, சென்னையிலிருந்து ரயிலில் திருவனந்தபுரம் போக எங்கள் ஊர் வழியை விட்டால் வேறு வழியில்லை. மலை ஏற பின்னாலும் ஒரு எஞ்சின் தள்ளும். குகைக்குள் நுழையும்போது புகை உள்ளே வராமலிருக்க ஜன்னல்களைச் சடசடவென்று இறக்குவார்கள். சின்னப்பிள்ளைகள் நாங்கள் ஒன்றை மட்டும் இறக்காமல் விட்டு அடி வாங்குவோம்.

நான் பிறந்தது 1950ல். அப்போது எங்கள் ஊர் திருவாங்கூர்-கொச்சி ராஜ்யம், கொல்லம் மாவட்டம். மொழிவாரி மாநிலப் பேச்சு எழுந்தபோது தெற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் பெரிய போராட்டம். 1954 ஆகஸ்டு 11 துப்பாக்கிச் சூட்டில் உயிர்களே போயின. செங்கோட்டையைப் பொறுத்தவரை மாநிலச் சீரமைப்புக் கமிஷனுக்குப் பெரிய குழப்பமில்லை. தாலுகாவில் தமிழ் பேசுகிறவர்கள் நூற்றுக்கு 93 பேர் என்று கணக்குச் சொன்னார்கள். 1956 நவம்பர் 1 அன்று தெற்கே நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின, நாங்கள் திருநெல்வேலியோடு சேர்ந்தோம். மலைமேல் ஆரியங்காவும் அச்சன்கோவிலும் கேரளத்தில் நின்றுவிட்டன.

எங்கள் வீட்டுக்குள்ளும் அந்தக் கோடு விழுந்தது. அப்பா செங்கோட்டை தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அவர் ஊரோடு சேர்ந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தார். பெரியப்பா தென்மலையில் வனத்துறை. அவர் கேரள சர்க்காரோடு இருந்துவிட்டார். "ரெண்டு மணி நேர ரயில்தானே" என்று இருவரும் நினைத்தார்கள். முதலில் அப்படித்தான் இருந்தது. சாரல் தொடங்கினால் பெரியப்பா வீடே இங்கு வந்துவிடும். ஆனால் அவர் பிள்ளைகள் மலையாளப் பள்ளியில் படித்தார்கள், அங்கேயே கல்யாணம் கட்டினார்கள். பெரியப்பா மகள் அக்காவின் கடிதத்தில் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கடைசியாக வந்த கடிதத்தில் என் பெயர் மட்டும்தான் தமிழில்.

2010 செப்டம்பரில் அகலப்பாதை வேலைக்காகப் புனலூர் ரயிலை நிறுத்தினார்கள். மலைவேலை, எட்டு ஆண்டு இழுத்தது. பெரியப்பா தவறியது அந்த இடைவெளியில். மழைக்காலத்து மலைப்பாதையில் பஸ் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

2011 கணக்கெடுப்பில் செங்கோட்டை நகராட்சியில் 26,823 பேர். ஆண்கள் ஆயிரத்துக்குப் பெண்கள் 1,024. தென்காசியில் 70,545. கடைத்தெருவில் மலையாளம் கலந்த தமிழ், மர மில்கள், கேரளாவுக்குப் போகிற காய்கறி லாரிகள் என்று ஊர் இன்னும் மலையைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பெரியப்பா வீட்டார் இந்த 26,823ல் இல்லை, கொல்லம் கணக்கில் இருக்கிறார்கள்.

2017ல் தாத்தாவின் வயலுக்குப் பட்டா மாற்றக் கிளம்பினேன். வருவாய்த் துறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன், எனக்கே அது சுலபமாக இல்லை. ஒரு அலுவலகத்தில் பழைய பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கொல்லம்னு போட்டிருக்கே சார், கேரளாவில போய்க் கேளுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பையன் பேரில் தப்பில்லை, அவன் பிறந்ததே எண்பதுகளில். இன்னொரு சிக்கல், பத்திரம் தமிழில் இருந்தாலும் ஓரத்துக் குறிப்பு முழுக்க மலையாளம். அப்பா இருந்திருந்தால் வாசித்திருப்பார்.

2018ல் ரயில் திரும்ப ஓட ஆரம்பித்தது. அந்த ஆடி மாதமே அக்கா வந்து இறங்கினாள், வயது எழுபது தாண்டிவிட்டது. குற்றாலத்துக்குக் கூட்டிப் போனேன், பழைய வீட்டைக் காட்டினேன். ராத்திரி பத்திரத்தை அவள் முன் விரித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஓரத்துக் குறிப்பை விரல் வைத்து வாசித்தாள். கிழக்கே தோடு, வடக்கே கோயில் வக நிலம், சர்வே நம்பர், எல்லாம் இருந்தது. தாத்தாவின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி ஒரு தரம் வாசித்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிக்கொண்டேன்.

அதை வைத்துத்தான் மனு கொடுத்தேன். பட்டா கைக்கு வந்தது 2020 பிப்ரவரியில். மாவட்டம் என்ற இடத்தில் கொல்லமும் இல்லை, திருநெல்வேலியும் இல்லை. முந்தின நவம்பரில் மாவட்டத்தைப் பிரித்திருந்தார்கள். தென்காசி என்று இருந்தது.