சட்டத்தின் மௌனமும் மதுரையின் சாட்சியமும்: ராஜேந்திர பிரசாத் கடிதத்தை மறுபடி படித்தல்

இந்து சட்டத் தொகுப்பு மசோதா தம்மிடம் ஒப்புதலுக்கு வந்தால், அமைச்சரவையின் ஆலோசனையைச் சாராமல் தாமே சீர்தூக்கி முடிவெடுக்க விரும்புவதாக 1951 செப்டம்பர் 15 அன்று ராஜேந்திர பிரசாத் நேருவுக்கு எழுதினார். நேரு, அட்டர்னி ஜெனரல் எம்.சி. செதல்வாட்டையும் சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரையும் கேட்டார். அப்படி ஓர் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு இல்லை என்று இருவருமே சொன்னார்கள். பழமைவாதியின் பிடிவாதம் என்று அக்கடிதத்தை ஒரு சாரார் படிக்கிறார்கள்; மனசாட்சியின் குரல் என்று மறுசாரார். இந்த இரண்டாம் தரப்புக்குச் சட்டவாதம் கட்டிக் கொடுத்தவர் கே.எம். முன்ஷி. இக்கட்டுரையின் வழக்கு அவரோடுதான்.

முன்ஷியை எளிதில் தள்ளிவிட முடியாது. அல்லாடியைப் போலவே அவரும் அரசியலமைப்பு வரைவுக் குழு உறுப்பினர். கடிதம் எழுதப்பட்டபோது நேருவின் அமைச்சரவையில் இருந்தவர். குடியரசுத் தலைவரைப் பற்றி 1963-ல் அவர் வெளியிட்ட ஆங்கில நூலின் வாதம் மூன்று கால்களில் நிற்கிறது. ஆலோசனை கட்டுப்படுத்தும் என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. அரசியலமைப்பைக் காப்பதாகக் குடியரசுத் தலைவர் தனியே உறுதிமொழி எடுக்கிறார். அவரை நாடாளுமன்றம் மட்டும் அல்ல, மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே அவர் பிரதமரின் நிழல் அல்ல என்பது முன்ஷியின் முடிவு.

முதல் காலை எடுத்துக்கொள்வோம். 74-ஆவது பிரிவுக்கு மூன்று பாடங்கள் உண்டு. 1950-ன் மூலபாடம், குடியரசுத் தலைவருக்கு உதவவும் ஆலோசனை கூறவும் ஓர் அமைச்சரவை இருக்கும் என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த ஆலோசனைப்படியே அவர் நடக்க வேண்டும் என்பதைச் சேர்த்தது 1976-ன் 42-ஆவது திருத்தம். ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்பது 1978-ன் 44-ஆவது திருத்தம் தந்த சலுகை. முன்ஷி கையில் இருந்தது மூலபாடம். ஆலோசனை என்ற சொல்லும் அவர் பக்கம் சாய்வதுபோலத்தான் தெரியும். திருக்குறளின் அமைச்சு அதிகாரத்திலேயே, அரசன் கேளாவிட்டாலும் எடுத்துச் சொல்வது அமைச்சன் கடமை. கேட்பதும் விடுவதும் அரசன் பாடு.

ஆனால் மூலபாடத்தின் மௌனம் மறதியில் விழுந்த மௌனம் அல்ல. குடியரசுத் தலைவருக்கான அறிவுறுத்தல்களைத் தனி அட்டவணையாகச் சேர்க்கும் எண்ணம் அரசியல் நிர்ணய சபையில் இருந்தது. மரபே போதும் என்று 1949-ல் அதைக் கைவிட்டார்கள். அந்த மௌனத்தை அன்றே கவனித்தவர் வேறு யாருமல்ல, சபைத் தலைவரான பிரசாத்தான். 1949 நவம்பர் 26 அன்று ஆற்றிய நிறைவுரையில், ஆலோசனை கட்டுப்படுத்தும் என்று சட்டத்தில் இல்லை என்பதை அவர் குறிப்பிட்டார்; ஆனாலும் இங்கிலாந்தின் மரபு இங்கும் வேரூன்றும் என்ற நம்பிக்கையையும் அதே மூச்சில் சொன்னார். பதினோரு ஆண்டு கழித்து, 1960 நவம்பர் 28 அன்று இந்தியச் சட்டக் கழகத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, தம் பதவியின் அதிகாரங்களை ஆராய வேண்டும் என்று கேட்டவரும் அவரே. முன்ஷியின் நூலைப் புரிந்துகொள்ள 1960-ன் உரை உதவும். சட்டத்தைப் புரிந்துகொள்ள 1949-ன் உரைதான் சான்று.

இரண்டாம் கால் தானாக நிற்காது. எதைக் காப்பது என்பதை உறுதிமொழி சொல்கிறது. எப்படிக் காப்பது என்பதைச் சொல்லவில்லை. மூன்றாம் காலில்தான் விரிசல் ஆழம். மசோதாவை எதிர்க்க பிரசாத் காட்டிய காரணங்களில் முக்கியமானது, அன்றைய தற்காலிக நாடாளுமன்றம் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தது அல்ல என்பது. நல்ல கேள்வி. ஆனால் 1951-ல் பிரசாத்தே யார் தேர்ந்தெடுத்த தலைவர்? 1950 ஜனவரி 24 அன்று அவரைப் போட்டியின்றித் தேர்ந்தெடுத்தது அரசியல் நிர்ணய சபை. அந்தச் சபைதான் தற்காலிக நாடாளுமன்றமாகத் தொடர்ந்தது. சபைக்கு ஆணை இல்லையென்றால், அது நியமித்த தலைவருக்கு ஆணை எங்கிருந்து வந்தது? முன்ஷி சொல்லும் மாநிலங்களின் வாக்கு 1952 மே மாதத்தில்தான் வந்தது. அப்போது பிரசாத்துக்கு 5,07,400 வாக்கு மதிப்பு. எதிர்த்து நின்ற கே.டி. ஷாவுக்கு 92,827. அமெரிக்கப் பாணியில் அதிகாரப் பிரிவினை வேண்டும் என்று சபையில் திருத்தங்கள் கொண்டுவந்து தோற்றவர் இந்த ஷா.

இனி மதுரைக்கு வருகிறேன். 1939 ஜூலை 8 அன்று மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யர், கக்கன் உள்ளிட்ட ஐந்து தலித்துகளையும் ஒரு நாடாரையும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு துணை நின்றார். பட்டர்களில் ஒரு பகுதியினர் பூஜைக்கு வர மறுத்தார்கள். சனாதனத் தரப்பு நீதிமன்றப் படியேறத் தயாரானது. ராஜாஜியின் அமைச்சரவை, நுழைந்தவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் காப்பளிக்கும் அவசரச் சட்டத்தைக் கேட்டது. கவர்னர் எர்ஸ்கின் பிறப்பித்தார். அதே ஆண்டு அது ஆலயப் பிரவேசச் சட்டமாகவும் ஆயிற்று. கவனிக்க வேண்டியது இது: 1935-ன் இந்திய அரசுச் சட்டப்படி கவர்னருக்குத் தனிப்பொறுப்பும் விருப்புரிமையும் எழுத்திலேயே இருந்தன. இருந்தும், சமயத்தைத் தொட்ட ஒரு சட்டத்தில், ஊர் கொதித்துக்கொண்டிருந்தபோது, அமைச்சரவை சொன்னபடி நடந்தார். எழுத்தில் அதிகாரம் பெற்றிருந்த அந்நியர் விட்டுக்கொடுத்ததை, எழுத்தில் இல்லாத அதிகாரத்தைக் கொண்டு குடியரசின் தலைவர் எப்படிக் கோர முடியும்?

இந்த ஒப்பீட்டை மறுக்க இடம் உண்டு. எர்ஸ்கின் மரபுக்காக விட்டுக்கொடுத்தாரா, காங்கிரஸ் அமைச்சரவையை இழக்க மனமின்றி விட்டுக்கொடுத்தாரா என்று கேட்கலாம். இரண்டாவதே உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மரபு பிறப்பதே இப்படிப்பட்ட வசதிகளிலிருந்துதான். கவர்னர்கள் அன்றாட ஆட்சியில் தலையிட மாட்டார்கள் என்ற உறுதியைப் பெற்ற பிறகே 1937-ல் காங்கிரஸ் பதவியேற்றது. அந்த அமைச்சரவைகளை மேற்பார்த்த காங்கிரஸ் குழுவில் பட்டேல், ஆசாத் ஆகியோரோடு மூன்றாமவர் பிரசாத். மதுரைச் சம்பவம் 1951-ன் விவாதத்தில் முன்மாதிரியாகக் காட்டப்பட்டது என்று நான் வாதிடவில்லை. மரபு டெல்லிக்குப் போகுமுன் மாகாணங்களில் புழங்கிப் பழகியது என்பதற்கு அது சாட்சி என்கிறேன். மசோதாவில் இருந்த இருதார மணத் தடையும் இங்கே புதிதல்ல. 1949-ன் சென்னை மாகாணச் சட்டத்தால், பிரசாத் கடிதம் எழுதிய நாளில் மதுரை இந்து ஒருவர் மனைவி இருக்க மறுமணம் செய்வது ஏற்கெனவே குற்றம்.

பிரசாத்தின் ஒழுக்கத்தைப் பற்றிய விவாதத்தை இதோடு கலப்பது சரியல்ல. சோமநாதர் ஆலய விழாவுக்கு அவர் சென்றதை நேரு விரும்பவில்லை. காசியில் 200 பிராமணர்களின் காலைக் கழுவியதை லோகியா கடுமையாகச் சாடினார். அவை ஒரு பதவியின் கண்ணியத்தைப் பற்றிய கேள்விகள். கடிதமோ அதிகாரத்தைப் பற்றியது. அந்தக் கேள்விக்கு நடத்தையால் பதில் சொன்னவரும் அவரே. 1955, 1956 ஆண்டுகளில் தனித்தனிச் சட்டங்களாகத் திரும்பி வந்த இந்துச் சட்டங்கள் அனைத்திலும் ஒப்பமிட்டார்.

மரபு எந்த நாளில் நிலைபெற்றது என்று குறிக்க எனக்குத் துணிவில்லை. 1951-ன் சட்டக் கருத்துகளிலா, 1955-ன் ராம் ஜவாயா கபூர் தீர்ப்பிலா, 1974-ன் சம்ஷேர் சிங் தீர்ப்பிலா? 1976 மிகவும் பிந்தியது என்பது மட்டும் நிச்சயம். அந்தத் திருத்தம் நடந்துகொண்டிருந்ததை எழுதிவைத்தது. தொடக்கத்தை 1939-க்கு முன்பே தேடவேண்டும் என்பது என் கட்சி. அன்று மீனாட்சி கோயிலுக்குள் காலெடுத்து வைத்த கக்கன், 1949-ல் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர். 1955-ல் இந்து திருமணச் சட்டம் நிறைவேறியபோது மதுரையின் மக்களவை உறுப்பினர்.