பனியே சிமெண்டான சுரங்கம்

சுரங்கத்தில் தாது எடுத்த வெற்றிடத்தை உடைகல்லும் சிமெண்டும் கொண்டு நிரப்புவதுண்டு. அந்நிரப்பு உறுதியாக நின்றால்தான் அடுத்துள்ள தாதுவையும் கூரை சரியாமல் வெட்டியெடுக்க இயலும். கடுங்குளிரிலோ சிமெண்டின் வேதிவினை தளர்கிறது; கலவை இறுகுமுன்னரே அதன் நீர் உறைந்துவிடுகிறது.

1980களின் தொடக்கத்தில், கனடாவின் ஆர்க்டிக் பகுதியிலுள்ள லிட்டில் கார்ன்வாலிஸ் தீவில் உற்பத்தியைத் தொடங்கிய போலாரிஸ் ஈய, துத்தநாகச் சுரங்கம் இத்தடையையே கருவியாக்கியது. நிரந்தர உறைநிலத்துள் அமைந்த அச்சுரங்கத்தில் உடைகல்லோடு நீர் சேர்த்து உறையவிட்டனர்; பனிக்கட்டியே சிமெண்டின் இடத்தைப் பெற்றது.

ஆயினும் அது குளிர் தந்த இரவல் வலிமை. சுமை நீடித்தால் பனிக்கட்டி மெல்ல உருமாறும். வெப்பம் ஏறினால் பிணைப்பே அற்றுப்போகும். 2002இல் போலாரிஸ் மூடப்பட்டது. உறைநிலங்கள் வெப்பமடைந்துவரும் இன்று, சுரங்க வரலாற்றை எழுதுவோர் நிரப்பின் வலிமையோடு அதைத் தாங்கிய தட்பநிலையையும் பதிவுசெய்தல் வேண்டும்.