தொண்ணூற்றொன்பதின் வெள்ளமும் மலைநாட்டுத் தமிழரும்

மலையாள நாட்டு முதியோர் தம் அகவையைக் கூறுங்கால், தொண்ணூற்றொன்பதின் வெள்ளத்தைக் கொண்டு கணக்கிடுவது நெடுங்காலம் வழக்காயிருந்தது. கொல்லம் ஆண்டு 1099, கர்க்கடகத் திங்களில், அதாவது 1924 சூலையில், பெரியாறு கரைபுரண்டு திருவிதாங்கூரையும் கொச்சியையும் அலைக்கழித்த பெருவெள்ளமே அஃது.

மூணாற்று மலைகளில் அதன் கொடுமை சொல்லுந்தரமன்று. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1908 முதல் ஓடிய சிறு புகைவண்டிப் பாதை அழிந்தொழிந்தது. மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை சுமந்து சென்ற பாதை அது. அங்கிருந்து கம்பிவடத்தின் வழியே கொட்டகுடிக்கு இறக்கப்பெற்ற பெட்டிகள் போடிநாயக்கனூரை அடைந்தன. தமிழகத்தோடு நம் மலையைப் பிணைத்த அவ்விருப்புப் பாதை மீண்டும் இடப்படவேயில்லை. கரிந்திரி மலை சரிந்து, ஆலுவாய்க்குச் செல்லும் பழைய சாலையும் போயிற்று. பின்னர் நேரியமங்கலம், அடிமாலி வழியே புதுச் சாலை கண்டனர். நேரியமங்கலத்துப் பாலம் 1935-இல் திறக்கப்பெற்றது. தேயிலை செல்ல வழி பிறந்தது. சரிவின் அடியில் லயங்களில் உறங்கிய மக்கள், பெருமழை இரவில் எங்குச் செல்வது என்பதற்கு வழி வகுத்தோர் யார்?

அதே கொல்லம் ஆண்டின் தொடக்கத்தில், 1923 செப்டம்பர் 1-ஆம் நாள், சப்பானில் நிலம் நடுங்கிற்று. டோக்கியோவும் யோக்கோகாமாவும் தீக்கிரையாயின; மாண்டோர் நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர். அந்நாட்டவரும் உடனே விழித்துக்கொண்டாரல்லர் என்பதை நாம் மறத்தலாகாது. 1959-இல் இசே விரிகுடாப் புயல் ஏறக்குறைய ஐயாயிரவரைக் கொன்ற பின்னரே, 1960 முதல் செப்டம்பர் 1 பேரிடர்த் தடுப்பு நாளாயிற்று. ஆண்டுதோறும் அன்று பள்ளிச் சிறுவர் மேசையடியில் புகுந்து பழகுகின்றனர்; அலுவலகத்தார் வெளியேறும் வழியை நடந்து பார்க்கின்றனர். நாமோ நம் 1099-ஐ வயது கணக்கிடவே வைத்துக்கொண்டோம்!

செல்வ நாட்டின் செய்தி நமக்கெதற்கு என்பார் வங்காள தேசத்தை நோக்குக. 1970 நவம்பர்ப் புயலில் மூன்று இலட்சத்துக்குக் குறையாத மக்களை இழந்த மண் அது. 1972-இல் ஊர்தோறும் தொண்டர்படை அமைத்தனர். கருவிகள் என்னவெனில், கொடி, கையால் சுழற்றும் சங்கு, ஒலிபெருக்கிக் குழல் ஆகிய இவைதாம். 2020 மே மாதத்தில் அம்பன் புயல் வந்தபோது இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோரை முன்னரே மேடான இடங்களுக்குக் கொண்டு சேர்த்தனர்.

அதே 2020-இல், ஆகஸ்டு 6 இரவில், இராசமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. மின்சாரமும் தொலைபேசியும் முன்னமே அற்றுப்போயிருந்தமையின், செய்தி வெளியுலகை எட்டியது மறுநாட் காலையில். இறந்தோர் எழுபதின்மர்; அவருள் நால்வர் உடலும் கிடைத்திலது. பலருக்குப் பூர்விகம் கயத்தாறு. ஈராண்டு முன்னர், 2018 பெருமழையில், பாலக்காட்டு நெல்லியாம்பதி மலையும் சாலைகள் இடிந்து தனித்து நின்றது. ஆதலின் எச்சரிக்கை கிடைக்கவில்லை என்று எவரும் கூறவொண்ணாது.

முல்லைப் பெரியாற்று அணையின் நீர்மட்டம் பற்றி இரு மாநிலத்தாரும் பல்லாண்டு வழக்காடினோம். எத்தனை அடி என்பது நம் சிறுவர்க்கும் மனப்பாடம். தம் லயத்துக்கு மேலுள்ள சரிவில் எத்தனை மழை பெய்தது என்பதை அளக்க ஓர் அளவுக்குடுவை வைத்துக்கொள்ள நமக்குத் தோன்றவில்லை.

தோட்டத் தொழிலாளரை விடியலில் எழுப்பக் கொம்பூதுவதும் பறையறைவதும் பண்டைய வழக்கம். அரைத் தூக்கத்திலும் அவ்வோசை கேட்டு மலையேறிய மக்களின் வழித்தோன்றல்கள் நாம். அவ்வோசையை இனி ஆண்டுக்கொருமுறை, ஆகஸ்டு 6 இரவில், லயத்தைவிட்டு மேட்டுக்குச் செல்லும் வழியைப் பழகுவதற்காக ஒலிப்பித்தல் வேண்டுமென்பது நம் கருத்து. சங்கத்தார் வரும் பொதுக்குழுவில் இதனை ஆராய்வாராக.