மின்மினியும் எருதின் மூச்சும்: க்ரோஃபுட்டின் இறுதிச் சொற்கள் பற்றிய ஒரு மூலபாட ஆய்வு

சிக்சிகா மக்களின் தலைவர் க்ரோஃபுட் 1890 ஏப்ரல் 25 அன்று, கனடாவின் இன்றைய ஆல்பர்ட்டா மாகாணத்தில் போ ஆற்றங்கரையிலுள்ள பிளாக்ஃபுட் கிராசிங் அருகே காலமானார். உயிர் பிரியும் நேரத்தில் அவர் சொன்னதாக ஒரு சிறு உரைப்பகுதி உலகெங்கும் வழங்கி வருகிறது. தாம் சிறிது நேரத்தில் போய்விடுவோம் என்று தொடங்கி, எங்கிருந்து வந்தோம், எங்கே போகிறோம் என்பதை அறியோம் என்று சொல்லி, வாழ்வு என்பது என்ன என்ற கேள்வியை எழுப்பி, மூன்று உருவகங்களால் அது விடை தருகிறது. முதலாவது இரவில் பளிச்சிடும் மின்மினி. அடுத்தது குளிர்காலத்தில் காட்டெருமை விடும் மூச்சு. கடைசியாகப் புல்வெளியில் ஓடி அந்தியில் மறையும் சிறு நிழல். வாழ்த்து அட்டைகளிலும் இரங்கல் கூட்டங்களிலும் மேற்கோள் தொகுப்புகளிலும் க்ரோஃபுட் என்ற பெயர் பெரும்பாலும் இந்த மூன்று உருவகங்களோடுதான் அறிமுகமாகிறது. இச்சொற்கள் அவருடையவை அல்ல என்பதற்கான சான்று உரைப்பகுதிக்குள்ளேயே இருக்கிறது. அந்தச் சான்றும், அவ்வுரைப்பகுதி மறைத்துவிட்ட வேறொரு குரலும் இக்கட்டுரையின் பொருள்.

க்ரோஃபுட்டின் வாழ்க்கை வரலாற்றுக்கு ஹ்யூ டெம்ப்சி 1972இல் வெளியிட்ட நூலே இன்றும் அடிப்படை. சிக்சிகா மக்களும் அடங்கிய பிளாக்ஃபுட் கூட்டமைப்பின் மற்றொரு பிரிவான கைனாய் மக்களிடையே 1830ஆம் ஆண்டையொட்டி அவர் பிறந்தார். இந்த ஆண்டு ஒரு மதிப்பீடுதான். ஆகவே இறந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ அறுபது என்றுதான் சொல்ல முடியும். தந்தை போரில் கொல்லப்பட்டபின் தாய் ஒரு சிக்சிகா வீரரை மணந்ததால் சிறுவன் சிக்சிகா முகாமில் வளர்ந்தான். ஈசாப்போ-முக்சிகா என்ற பெயர் பிறப்பில் இடப்பட்டதன்று. உறவினர் ஒருவருக்கு உரியதாயிருந்து, வீரச் செயலுக்குப் பின் இவருக்கு வந்து சேர்ந்தது. ‘க்ரோ இனத்தானின் பெரிய பாதம்’ என்னும் பொருளுள்ள அப்பெயரை மொழிபெயர்ப்பாளர்கள் சுருக்கியதால் ‘காக்கைக் கால்’ என்று பொருள்படும் க்ரோஃபுட் பிறந்தது. இவர் பெயரே மொழிபெயர்ப்பில் உருமாறிய ஒன்று என்பது பின்வரும் விவாதத்தில் நினைவிருக்க வேண்டும். 1869-70 பெரியம்மைக் கொள்ளைநோய்க்குப் பின் சிக்சிகா மக்களின் முதன்மைத் தலைவர்களுள் ஒருவரானார். 1877 செப்டம்பர் 22 அன்று, கனடா அரசுடனான ஏழாம் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்.

இறுதிச் சொற்களை இன்றைய வாசகரிடம் கொண்டுசேர்த்ததில் டி. சி. மெக்லூஹன் 1971இல் தொகுத்த ‘டச் தி எர்த்’ என்னும் நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. வட அமெரிக்கப் பழங்குடித் தலைவர்களின் பேச்சுகளை எட்வர்ட் கர்டிஸின் ஒளிப்படங்களோடு அடுக்கிய அந்நூல், அம்மக்களின் வாழ்வை அவர்களே தீட்டிய தன்னோவியம் என்று தன் துணைத்தலைப்பிலேயே அறிவித்துக்கொள்கிறது. க்ரோஃபுட்டின் சொற்கள் அதில் சாவின் வாயிலில் நிற்கும் ஒருவரின் நேர்ச்சொற்களாக இடம்பெறுகின்றன. இவ்வாசிப்பின்படி, இயற்கையோடு ஒன்றி வாழ்ந்தவர் இயற்கையிலிருந்தே உவமை எடுத்து, கலக்கமின்றி விடைபெறுகிறார்.

இந்த வாசிப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பழங்குடியினரின் பேச்சுகளைப் பொதுவாசகர் அக்கறையோடு படிக்கத் தொடங்கியதற்கு இத்தகைய தொகுப்புகளும் ஒரு காரணம். எனினும் ‘தன்னோவியம்’ என்ற சொல் மிகப் பெரிய உரிமைக்கோரல். அதைச் செய்யும் தொகுப்பு, ஒவ்வொரு பேச்சும் யார் வாயிலிருந்து எம்மொழியில் புறப்பட்டது, யார் மொழிபெயர்த்தார், யார் எழுதினார் என்னும் கேள்விகளைக் கேட்டாக வேண்டும். க்ரோஃபுட் பேசியது பிளாக்ஃபுட் மொழி. நமக்குக் கிடைப்பது ஆங்கில உரை. இடையில் நின்ற மொழிபெயர்ப்பாளர் யார் என்ற கேள்விக்கு ‘தன்னோவியம்’ என்ற சட்டகத்தில் இடமே இல்லை. கர்டிஸின் படங்களும் அதே சிக்கலைச் சுமப்பவை. பிளாக்ஃபுட் கூட்டமைப்பைச் சேர்ந்த பிகானி மக்களின் கூடாரத்துக்குள் அவர் 1910ஐ ஒட்டி எடுத்த ஒரு படத்தில், அமர்ந்திருந்த இருவருக்கிடையே ஒரு கடிகாரம் இருந்தது. வெளியிடும்போது அது அழிக்கப்பட்டது. காலம் தீண்டாத மனிதராக அவர்களைக் காட்ட விரும்பிய கை அங்கே கடிகாரத்தை நீக்கியது. இங்கேயும் ஒரு கை வேலை செய்திருக்கிறது. ஆனால் நீக்கவில்லை, மாற்றிவைத்திருக்கிறது.

ரைடர் ஹாகார்ட் எழுதிய ‘சாலமன் மன்னனின் சுரங்கங்கள்’ என்ற ஆங்கில நாவல் 1885இல், அதாவது க்ரோஃபுட் இறப்பதற்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு முன், லண்டனில் வெளியாகிப் பெரும் விற்பனை கண்டது. தென்னாப்பிரிக்காவில் சில ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்தவர் ஹாகார்ட். நாவலில் வெள்ளையர் மூவரோடு பாலைவனப் பயணம் புறப்படும் அம்போப்பா என்ற ஆப்பிரிக்கப் பாத்திரம், பயணத்தின் ஆபத்தைப் பற்றிய பேச்சில் வாழ்வு என்பது என்ன என்று கேட்டுத் தானே விடை சொல்கிறது. விடையில் மூன்று உருவகங்கள் வருகின்றன. இரவில் ஒளிர்ந்து காலையில் கறுத்துக் கிடக்கும் ஒளிப்புழு முதலில் வருகிறது. குளிர்கால எருதுகளின் வெண்மூச்சு இரண்டாவது. புல்மேல் ஓடி அந்தியில் காணாமற்போகும் சிறு நிழல் மூன்றாவது. எங்குமற்ற ஓர் இடத்திலிருந்து வந்து அங்கேயே மறைகிறோம் என்னும் கருத்தும் அதே பேச்சில் உண்டு.

இரண்டையும் அருகருகே வைத்தால் பாடபேதங்கள் மிகச் சில. கேள்வி ஒன்று, விடைகளின் எண்ணிக்கை ஒன்று, ஒளி, மூச்சு, நிழல் என்ற வரிசையும் ஒன்று. மூன்றாம் உருவகம் ஏறத்தாழ மாற்றமே இல்லாமல் இருக்கிறது. வாழ்வின் நிலையாமைக்கு உவமை தேடும் மனம் எந்த நாட்டிலும் ஒளியையும் நீரையும் நிழலையும் நாடும் என்பது உண்மை. புல்நுனியில் நிற்கும் பனித்துளியை நாலடியார் பாடியது யாரிடமும் கடன் வாங்கியன்று. தனித்தனி உருவகமாக எடுத்துக்கொண்டால் தற்செயல் ஒற்றுமை என்று சொல்ல இடமுண்டு. மூன்றும் சேர்ந்து, அதே கேள்விக்கு விடையாக, அதே வரிசையில் வரும்போது அந்த இடம் இல்லாமற்போகிறது. க்ரோஃபுட்டிடமிருந்து ஹாகார்ட் எடுத்திருக்கவும் வழியில்லை. நூல் அச்சானபோது க்ரோஃபுட் உயிரோடிருந்தார், இறுதிச் சொற்களுக்கு இன்னும் ஐந்தாண்டு இருந்தது. மாறாக, நாவலின் வாசகத்தை க்ரோஃபுட் எங்கோ கேட்டு நினைவில் வைத்திருந்தார் என்று வாதிட முயன்றால், ஆங்கிலம் பேசாத ஒருவருக்கு ஆங்கில நாவலை யாரோ பிளாக்ஃபுட் மொழியில் சொல்லியிருக்க வேண்டும். அவர் அதை மரணப்படுக்கையில் திருப்பிச் சொல்ல, இன்னொருவர் அதே ஆங்கிலத் தொடர்களுக்கே மீட்டிருக்க வேண்டும். அவ்வளவு பெரிய தற்செயலை நம்புவதைவிட எழுத்தில் நடந்த கடனை ஏற்பது எளிது.

மாறிய இரண்டு சொற்கள்தான் ஆய்வுக்கு உரியவை. எருது காட்டெருமையானதற்கு விளக்கம் வேண்டியதில்லை: ஆப்பிரிக்க மேய்ச்சல் நிலத்தின் விலங்கு கழன்று, வட அமெரிக்கச் சமவெளியின் விலங்கு அங்கே பூட்டப்பட்டது. கனடாச் சமவெளியில் காட்டெருமைக் கூட்டங்கள் 1879ஐ ஒட்டி அற்றுப்போயின, எனவே 1890இல் அந்த உவமை பொருந்தாது என்று ஒருவர் வாதிடலாம். அது வலுவற்ற வாதம். இழந்த விலங்கின் மூச்சையே ஒரு முதியவர் கடைசியில் நினைப்பார் என்பது இயல்பு. அந்த இயல்புதான் மாற்றத்தை இத்தனை காலம் யாரும் ஐயுறாதபடி காத்தது.

ஒளிப்புழு மின்மினியாக மாறியதோ நுட்பமானது. சான்று மெலிந்திருக்கும் இவ்விடத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. இங்கிலாந்தில் வழக்கமாகக் காணப்படுவது இறகற்று, புல்லில் அமர்ந்து, விடாமல் ஒளிரும் பெண் ஒளிப்புழு. இரவெல்லாம் ஒளிர்வதும் விடிந்ததும் வெறும் கறுத்த புழுவாவதும் அதற்குப் பொருந்தும். ஆகவே ஹாகார்டின் உருவகத்தில் இரவு, காலை என்று இரண்டு கூறுகள் இருக்கின்றன. வட அமெரிக்க ஆங்கிலத்தில் பழகிய சொல் மின்மினிக்குரியது. அதன் ஒளி விட்டுவிட்டுப் பளிச்சிடுவது. சொல் மாறியதும் ‘ஒளிர்தல்’ ‘பளிச்சிடல்’ ஆயிற்று. ஒரு நொடிப் பளிச்சீட்டுக்குக் காலைவேளை தேவையில்லை என்பதால் இரண்டாம் கூறு உதிர்ந்தது. இந்த உதிர்வு பிளாக்ஃபுட் மொழிக்குள் நடந்ததாகத் தெரியவில்லை. ஆங்கிலத்தின் இரு கரைகளுக்கு இடையிலான சொல்வழக்கு வேறுபாட்டையே அது காட்டுகிறது. வட அமெரிக்காவில் வாழ்ந்த, ஆங்கிலத்தில் எழுதிய, ஹாகார்டை வாசித்திருந்த ஒருவரின் கை இதில் இருந்தது என்பது இவ்விரு மாற்றங்களிலிருந்து பெறக்கூடிய முடிவு. அவர் ஏமாற்ற எண்ணினாரா, இரங்கல் எழுதும்போது மனத்தில் தங்கிய வாசகம் தானே வந்து விழுந்ததா என்பதை உரைப்பகுதி சொல்வதில்லை. 1890 ஏப்ரலுக்குப் பின், 1971க்குள் என்ற எல்லையைச் சுருக்கவும் இந்த அகச்சான்று மட்டும் போதாது.

கடன் அதோடும் நிற்பதில்லை. ஹாகார்டின் அதே பேச்சில், புயலில் சிக்கி இருளிலிருந்து வரும் பறவை ஒன்று நெருப்பொளியில் ஒரு கணம் சிறகு காட்டி மீண்டும் இருளில் மறைகிறது. எட்டாம் நூற்றாண்டில் பீட் எழுதிய ஆங்கிலேயத் திருச்சபை வரலாற்றில் இதற்கு முன்னோடி உண்டு: குளிர்காலத்தில் அரசன் விருந்துண்ணும் கூடத்தில் ஒரு வாசல் வழியே நுழைந்து மறுவாசல் வழியே வெளியேறும் சிட்டுக்குருவி. நார்தம்பிரியா அரசன் எட்வினின் அவையில் ஓர் ஆலோசகர் மனித வாழ்வை அதற்கு ஒப்பிடுகிறார். ஹாகார்ட் அதை எண்ணித்தான் எழுதினார் என்பது ஊகமே என்றாலும் வலுவான ஊகம். அது சரியானால், பிளாக்ஃபுட் மெய்யியல் என்று படிக்கப்பட்டதன் வேர்களுள் ஒன்று வட இங்கிலாந்தின் துறவிமடத்தில் இருக்கிறது.

சியாட்டில் என்ற பழங்குடித் தலைவர் 1854இல் ஆற்றியதாகச் சொல்லப்படும் உரையும் இத்தகையதே. 1887இல் ஒரு குடியேறி வெளியிட்ட வடிவமும், 1970களின் தொடக்கத்தில் டெட் பெரி திரைப்படத்துக்காக எழுதிய வடிவமும் வேறுவேறு. பின்னதே உலகப் புகழ் பெற்றது.

அப்படியானால் க்ரோஃபுட்டின் குரல் எங்கே இருக்கிறது? இடைக்கை இல்லாத பதிவு எதுவுமில்லை. உடன்படிக்கைப் பேச்சில், விஸ்கி வணிகரிடமிருந்து தம் மக்களைக் காத்த குதிரைப்படைக் காவலரை, பறவையைக் குளிரிலிருந்து காக்கும் இறகுகளுக்கு அவர் ஒப்பிட்டதாக அலெக்சாண்டர் மோரிஸின் 1880ஆம் ஆண்டு நூல் பதிவுசெய்கிறது. அந்தக் கூட்டத்தில் மொழிபெயர்ப்பே பெரும் சிக்கலாயிருந்தது. அரசின் மொழிபெயர்ப்பாளராக வந்த ஜெர்ரி பாட்ஸ் திணறியதால் ஜேம்ஸ் பேர்ட் அழைக்கப்பட்டார். 1885இல் மேற்கில் கிளர்ச்சி மூண்டபோது பிரதமர் மக்டொனால்டுக்குச் சென்ற தந்தியும் பிறர் கையால் எழுதப்பட்டது. இருந்தாலும் இப்பதிவுகளுக்கு நாள், இடம், கேட்டவர், எழுதியவர் உண்டு. அவற்றை எடைபோட முடியும்.

இவற்றுள் மிக நெருக்கமானது பவுண்ட்மேக்கருக்கு அனுப்பிய கடிதம். 1873இல், க்ரோஃபுட்டின் மகன் கிரீ மக்களுடனான மோதலில் கொல்லப்பட்டபின், இறந்தவனின் முகச்சாயல் கொண்ட கிரீ இளைஞர் ஒருவரைக் குடும்பம் சுவீகாரம் எடுத்தது, அவரே பவுண்ட்மேக்கர். மகனைக் கொன்ற இனத்திலிருந்தே மகனைத் தேர்ந்துகொண்ட செயல் அது. 1885 கிளர்ச்சிக்குப் பின் பவுண்ட்மேக்கர் மூன்றாண்டுத் தண்டனை பெற்று மனிடோபாவின் ஸ்டோனி மவுண்டன் சிறையில் அடைக்கப்பட்டார். அப்போது க்ரோஃபுட் எழுதுவித்த கடிதத்தில் மின்மினி இல்லை, நிழல் இல்லை. ஆண்டுதோறும் தம் பிள்ளைகள் இறப்பதைக் கண்டு தனிமை வாட்டுவதாகவும், நீயும் இறந்தாய் என்று கேட்டால் இனி உயிர்வாழ்ந்து பயனில்லை என்றும் சொல்கிறார். வெறும் அலங்காரமாக இதைப் படிக்க முடியாது: அவருக்குப் பிறந்த பலருள் முதிர்வயதை எட்டியவர்கள் பார்வையற்ற மகன் ஒருவரும் மகள்கள் மூவரும் மட்டுமே. பவுண்ட்மேக்கர் சில மாதங்களில் விடுதலையாகி, 1886 ஜூலை 4 அன்று, தந்தையைக் காண வந்திருந்த பிளாக்ஃபுட் கிராசிங்கிலேயே இறந்தார்.

வாழ்வு என்பது என்ன என்பதைப் பற்றி க்ரோஃபுட் சொன்னதற்கு நம்மிடமுள்ள சான்று இந்தக் கடிதம். மெக்லூஹன் தொகுப்பு முன்வைக்கும் சலனமற்ற ஞானி இதில் இல்லை. பட்டினியும் நோயும் குடும்பத்தைத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்த தந்தை இருக்கிறார். நாவலின் வாசகம் அவர் வாயில் வைக்கப்பட்டதால் நேர்ந்த உண்மையான இழப்பு, யார் ஆசிரியர் என்ற குழப்பத்தைவிடப் பெரியது. மரணம் இயல்பான அந்திநிழலாகிவிடும்போது, காட்டெருமை அழிந்ததும், ஒதுக்கிடங்களில் வழங்கீட்டு உணவு குறைக்கப்பட்டதும், பிள்ளைகளைக் காசநோய் கொண்டுபோனதும் காட்சியிலிருந்து மறைந்துவிடுகின்றன.

போ ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் அவருடைய கல்லறைக் குறி அவரைத் தம் மக்களின் தந்தை என்று அழைக்கிறது. 1877ஐ ஒட்டிய காலத்தில் அவரிடமிருந்த மான்தோல் சட்டை உள்ளிட்ட பொருள்கள், உடன்படிக்கையின்போது அங்கிருந்த காவல் அதிகாரி செசில் டென்னி வழியாக இங்கிலாந்தின் எக்ஸிடர் நகர அருங்காட்சியகத்துக்குச் சென்று, 2022 மே மாதம் சிக்சிகா மக்களிடம் திரும்பின. பிளாக்ஃபுட் கிராசிங் வரலாற்றுப் பூங்காவில் இப்போது அவை உள்ளன. உடன்படிக்கை நடந்த நிலமும் அவர் கல்லறையும் அங்கிருந்து தொலைவில் இல்லை.